வயது வரட்டும் என்றிருந்தோம்

இலங்கையில் ஒரு பிள்ளை எப்போது பல்கலைக்கழகம் போகும் என்பதை முதன்முதலில் தீர்மானிக்கும் திகதி ஜனவரி 31. அன்றைக்கு ஐந்து வயது நிரம்பியிருந்தால் அந்த ஆண்டே முதலாந் தரம். ஒரு நாள் பிந்திப் பிறந்திருந்தால் ஒரு வருடம் பொறுக்க வேண்டும். பிறகு பதின்மூன்று வருடம் எல்லாருக்கும் ஒரே நடை. ஐந்தாந் தரத்தில் புலமைப்பரிசில், பதினோராந் தரத்தில் சாதாரணதரம், பதின்மூன்றில் உயர்தரம். அதன் பிறகு பெறுபேறு, இசட் புள்ளி, வெட்டுப்புள்ளி, பதிவு. கம்பஸ் வாசலைத் தாண்டும்போது பெரும்பாலான பிள்ளைகளுக்கு இருபது வயதாகிவிடுகிறது. சிலருக்கு அதற்கும் மேல். 2022ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரியில்தான் தொடங்கியது. பெறுபேறு அந்த ஆண்டு செப்டெம்பரில் வந்தது.

இந்த ஒழுங்கை யாழ்ப்பாணத்தவர் நாங்கள் போடவில்லை. ஆனால் இதற்குள் எவ்வளவு வசதியாகக் குந்தியிருந்து பழகிவிட்டோம் என்பது எங்கள் பாடு. படிப்புக்குப் பேர்போன குடாநாடு என்று எங்களைப் பற்றி நாங்களே சொல்லிக்கொள்வோம். அப்படிப்பட்ட ஊரில் ஒரு பிள்ளை பதினொரு வயதில் அண்ணனின் சாதாரணதரக் கணிதப் புத்தகத்தை எடுத்து வைத்துக் கணக்குச் செய்கிறது என்றால் என்ன நடக்கிறது? தாய் வகுப்பாசிரியரிடம் கேட்கிறார். ஆசிரியர் அதிபரைக் காட்டுகிறார். அதிபர் சுற்றுநிருபத்தைக் காட்டுகிறார். "வயது வரட்டும் அம்மா, பிள்ளை கெட்டிக்காரன், எங்கே போகப்போறான்" என்று அன்பாகத்தான் சொல்லி அனுப்புகிறார்கள். ஒருவரிலும் குற்றம் பிடிக்க முடியாது. பிள்ளை திரும்பிப் போய், தனக்கு மூன்று வருடத்துக்கு முன்னமே விளங்கிய பாடத்தை மறுபடி கேட்டுக்கொண்டு இருக்கிறது.

அந்தப் பிள்ளையின் காத்திருப்பு வருடங்களை நாங்கள் எதனால் நிரப்பினோம் என்பதைச் சொன்னால் வெட்கமாக இருக்கும். ரியூசனால் நிரப்பினோம். விடிய ஐந்தரைக்கு ஒன்று, பள்ளிக்கூடம் விட்டபின் ஒன்று, சனி ஞாயிறு முழுநாள். வேகமாகப் போகும் பிள்ளைக்கு அடுத்த பாடம் தேவைப்பட்டது. நாங்கள் அதே பாடத்தின் இன்னும் பத்து வருடக் கடந்தகால வினாத்தாளைக் கொடுத்தோம். செய்து முடித்தால் மற்ற மாகாணங்களின் மாதிரி வினாத்தாள்களைக் கொடுத்தோம். கணக்கு ஒன்றை அந்தப் பிள்ளை தன் வழியில் செய்து சரியான விடையைக் கொண்டுவந்தபோது, "புள்ளித்திட்டத்தில் இப்படி இல்லை, இதுக்குப் புள்ளி போடமாட்டாங்கள்" என்று திருத்தினோம். பரீட்சையைப் பொறுத்தவரை அது நல்ல அறிவுரைதான். ஆனால் அதை ஐந்தாறு வருடம் தொடர்ந்து கேட்கும் பிள்ளை, தன் வழி என்று ஒன்று இருந்ததையே கடைசியில் மறந்துவிடுகிறது. பதினொரு வயதில் எங்களைத் திகைக்க வைத்தவன் பத்தொன்பது வயதில் நல்ல புள்ளி எடுத்த ஒரு சாதாரண மாணவனாக வெளியே வருவதைப் பார்த்து, "சின்னனில நல்லாய் வந்தவன்" என்று பெருமூச்சு விடுவதும் நாங்களே.

ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் முடிவு வரும் நாளில் பத்திரிகைப் பக்கங்களில் பிள்ளைகளின் படங்கள் வரிசையாக வரும். பள்ளிக்கூட மதிலில் பதாகை கட்டுவோம். பத்து வயதுப் பிள்ளையின் கழுத்தில் மாலை போடுவோம். அடுத்த நாள் காலையில் அந்தப் பிள்ளைக்கு வேறு என்ன கொடுத்தோம் என்று பார்த்தால், பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் இடமும் ஆறாந் தர ரியூசனும். ஒரே பாடத்தில் அதிசயமாக இருந்து மற்றதில் தடுமாறும் பிள்ளையோ அந்தப் படங்களில் வருவதே இல்லை. கூட்டுப் புள்ளிக்கு அதைத் தெரியாது.

எங்கள் மண்ணில் எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று நினைப்பவர்கள் வட்டுக்கோட்டைக்குப் போய்ப் பார்க்கலாம். அமெரிக்க மிஷன் 1823இல் அங்கே செமினரியைத் தொடங்கியது. சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1844இல், பன்னிரண்டு வயதில், அதற்குள் போனார். தமிழோடு கணிதம், வானியல், மெய்யியல் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் படித்து, இருபது வயதுக்குள் வெளியே வந்து கோப்பாயில் ஆசிரியரானார். விரைவிலேயே நீதிநெறி விளக்கத்தைப் பதிப்பித்தார். பிறகு சென்னை. 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரும் வட்டுக்கோட்டைக்காரர்கள். ஒருவர் தாமோதரம்பிள்ளை. மற்றவர் சுதுமலையைச் சேர்ந்த கறல் விசுவநாதபிள்ளை, தாமோதரம்பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது மூத்தவர், செமினரியில் அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர், வீசகணிதத்தைத் தமிழில் எழுதியவர். ஆசிரியரும் மாணவரும் ஒரே சோதனைக்குப் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். மாணவர் முதலாவதாக வந்தார். அதில் யாருக்கும் மானம் போகவில்லை. அந்தத் தாமோதரம்பிள்ளையே 1871இல், நாற்பதை எட்டும் வயதில், சட்டப் பட்டமும் எடுத்தார். தொல்காப்பியமும் கலித்தொகையும் அச்சேறி எங்கள் கைக்கு வந்ததில் அவருடைய பங்கு எவ்வளவு என்பதைத் தமிழ் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

செமினரியைப் பொற்காலமாக்க எனக்கு விருப்பமில்லை. உணவும் உறைவிடமும் தந்த மிஷன் அதற்கு ஈடாக மதத்தை எதிர்பார்த்தது. படித்தவர்கள் ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டு அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்பது அதற்கு மனக்குறை. 1855இல் மூடிவிட்டார்கள். அதே இடத்தில் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழும்பும்வரை பதினேழு வருடம் அங்கே உயர்கல்வி இல்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பன்னிரண்டு வயதுப் பையனை உள்ளே எடுத்தவர்கள் அவனை இருபது வயதுக்காரர்களின் வகுப்பில் தனியே தூக்கிப் போடவில்லை. சிறுவனாக எடுத்து, அங்கேயே வளர்த்து, தன் கதியில் மேலே போகவிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்கும் கல்லூரிக்கும் நடுவில் இன்றைக்கு நாங்கள் எழுப்பியிருக்கும் மதில் அன்றைக்கு அங்கே இல்லை.

அந்த வாசல் யாருக்குத் திறந்திருந்தது என்று கேட்டால், பேச்சு வேறு இடத்துக்குப் போகும். போகத்தான் வேண்டும். மேற்படிப்புக்கு எப்போது போவது என்ற கேள்வியே குடாநாட்டில் சில வீடுகளுக்கு மட்டும் உரியதாயிருந்தது. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குள் வந்தாலும் வாங்கில் இருக்க முடியாது, நிலத்தில் இருக்க வேண்டும் என்று வைத்திருந்தவர்கள் நாங்கள். சம ஆசனம் கொடுக்க வேண்டும் என்று அரசாங்கம் 1930ஐ ஒட்டிச் சொன்னபோது குடாநாட்டில் பள்ளிக்கூடங்களுக்கு நெருப்பு வைத்தவர்களும் எங்களுக்குள்ளேதான் இருந்தார்கள். மண்ணில் இருந்து படித்த அந்தப் பிள்ளைகளுக்குள் எத்தனை தாமோதரம்பிள்ளைகள் இருந்தார்கள் என்று எண்ண இனி வழியில்லை. கெட்டிக்காரப் பிள்ளைகளை நாங்கள் கவனிக்காமல் விட்டதன் மிகப் பெரிய கணக்கு அங்கேதான் இருக்கிறது. வயதைக் காட்டிக் காக்க வைத்தது அதற்குப் பிறகு வந்த சிறிய பாவம்.

பிரித்தானியர் காலத்தின் பிற்பகுதியில் பாதைகள் பலவாக இருந்தன. கொழும்பில் 1921இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி இலண்டன் பட்டத்துக்குப் படிப்பித்தது. அது இல்லாமலும் வெளிவாரியாக இலண்டன் சோதனை எழுதலாம், எஸ். ஜே. வி. செல்வநாயகம் இருபது வயதில் அப்படித்தான் விஞ்ஞானப் பட்டம் பெற்றார். பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் படித்த கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர் கொழும்புக்கும் பிறகு கேம்பிரிட்ஜுக்கும் போய், பௌதிகவியலாளர் டிராக்கிடம் ஆராய்ச்சி செய்து, இலங்கையிலும் மலாயாவிலும் அவுஸ்திரேலியாவிலும் கணிதப் பேராசிரியராக இருந்தார். பள்ளிக்கூடங்களிலும் டபிள் புறமோசன் என்று ஒன்று இருந்தது. ஐந்தாம் வகுப்பில் இருந்த பிள்ளையைத் தலைமை ஆசிரியர் ஏழாம் வகுப்புக்கு அனுப்பிவிடுவார். எங்கள் பாட்டன்மார் தலைமுறையில் அப்படி ஏறியவர் ஒருவரேனும் இல்லாத சொந்தபந்தம் குறைவு. பெயர் ஒன்றைக் கேட்டால் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்கள். அந்த வழக்கம் எப்போது நின்றது என்று கேட்டால் மட்டும் சரியாகச் சொல்ல ஆளில்லை. நின்றபோது யாரும் கவலைப்படவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

நாங்கள் ஏன் கவலைப்படவில்லை என்பதற்கு 1970களுக்குப் போக வேண்டும். 1971இல் தரப்படுத்தல் வந்தது. மருத்துவ பீடத்துக்குச் சிங்கள மொழியில் எழுதிய மாணவருக்கு 400க்கு 229 காணும், தமிழ் மொழியில் எழுதியவருக்கு 250 வேண்டும். பொறியியலுக்கு 227, 250. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்து எண்ணிக்கை இன்னும் சுருங்கியது. அநியாயம் அநியாயம்தான், அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் அந்த அநியாயம் எங்கள் தலைக்குள் என்ன செய்தது என்பதை நாங்கள் இருந்து யோசிக்கவில்லை. அன்றிலிருந்து பல்கலைக்கழகம் எங்களுக்குப் படிக்கப் போகும் இடமாக இல்லாமல் பிடிக்கப் போகும் இடமாகியது. இடம் கிடைத்ததா என்பதே கேள்வி. எந்த வயதில், எந்தப் பாடத்துக்கு, யாரிடம் படிக்க என்பதெல்லாம் பிடித்தபின் பார்க்கலாம் என்று ஒதுக்கினோம். கணிதத்தில் பேய் பிடித்தவன் போல நிற்கும் பையனைப் பயோ படிக்கச் சொன்னோம். மூன்று தடவை உயர்தரம் எழுதலாம் என்ற விதியைப் பயன்படுத்தி, செக்கண்ட் ஷை, தேர்ட் ஷை என்று பிள்ளையின் இன்னும் இரண்டு வருடத்தை எடுத்துக்கொண்டோம். முந்திப் போகக்கூடிய பிள்ளையையும் பிந்த வைத்தது வெட்டுப்புள்ளி மட்டும் இல்லை. "மெடிசின் இல்லாட்டி ஏன் படிச்சனி" என்று குசினிக்குள்ளிருந்து கேட்ட குரலும் சேர்ந்துதான்.

பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரியைக் கட்டியபோது அது ஒருநாள் பல்கலைக்கழகமாகும் என்று நினைத்துத்தான் கட்டினார். 1974இல் அந்த வளவுக்குள்ளேயே யாழ்ப்பாண வளாகம் வந்தது. பேராசிரியர் கைலாசபதி அதன் முதல் தலைவர். வீட்டிலிருந்து சைக்கிளில் போகக்கூடிய தூரத்தில் ஒரு பல்கலைக்கழகம். சிறு வயதிலேயே மேற்படிப்புக்குத் தயாரான பிள்ளைக்கு இதைவிட நல்ல வசதி வேறு எங்கே கிடைக்கும்? தாயின் கையால் சாப்பிட்டுவிட்டு விரிவுரைக்குப் போய்ப் பின்னேரம் வீட்டுக்கு வந்து தன் வயதுப் பெடியளோடு பந்தடிக்கலாம். அந்த வசதி எங்களுக்கு ஐம்பது வருடமாக இருக்கிறது. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளை ஒன்றைக் கூட்டிக்கொண்டு போய், "இவன் கிழமையில் ஒருநாள் உங்கள் கணித விரிவுரையில் பின்வாங்கில் இருக்கட்டும் சேர்" என்று கேட்ட பெற்றோரையோ அதிபரையோ நான் அறியேன். மறுப்பார்களோ என்று பயந்தல்ல. கேட்கலாம் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை.

போர் நடந்தது, அதனால் முடியவில்லை என்று சொல்லலாம். பாதி உண்மை. 1987க்குப் பிறகு நாட்டின் பல்கலைக்கழகங்கள் நீண்ட காலம் மூடிக் கிடந்தன. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமமே இடம்பெயர்ந்து நடந்தது. ஜாம் போத்தல் விளக்கில் படித்துச் சோதனை எழுதிய தலைமுறைக்கு, முந்திப் போவது என்ற பேச்சே வேடிக்கையாக இருந்திருக்கும். போய்ச் சேர்ந்தாலே போதும். ஆனால் மற்றப் பாதியையும் சொல்ல வேண்டும். பதினான்கு வயதுப் பிள்ளை விரிவுரை மண்டபத்தில் இருக்க முதிர்ச்சி காணாது என்று உறுதியாக நம்பிய இதே ஊர், அதே வயதுப் பிள்ளை துவக்கோடு நின்றதைப் பார்த்தபோது வாய் திறக்கவில்லை. பயம் இருந்தது. பயம் மட்டுமே இருந்தது என்று சொல்லித் தப்ப முடியாது. எங்கள் பள்ளிக்கூடங்களின் கெட்டிக்காரப் பிள்ளைகள் பலர் உயர்தர வகுப்பை இடையில் விட்டுப் போனார்கள். அவர்கள் எதற்குத் தயாராக இருந்தார்கள் என்று அன்றைக்கு யாரும் அவர்களைக் கேட்கவில்லை. பதினாறு வயது மனதுக்குள் என்ன பசி இருந்தது, அதற்கு நாங்கள் என்ன கொடுத்தோம் என்று பிறகும் கேட்கவில்லை. போர் முடிந்த 2009க்குப் பிறகு பள்ளிக்கூடக் கட்டடங்களுக்குக் கூரை போட்டோம், கணினி கொடுத்தோம், பழைய மாணவர் சங்கங்கள் ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் காசு அனுப்பின. ரியூசன் மட்டும் ஒருநாளும் நிற்கவில்லை.

இனி, முந்தி அனுப்பிய இடங்களில் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஏனென்றால் "சின்னனில அனுப்பினால் பிள்ளைக்கு மண்டை குழம்பும்" என்பது எங்களுடைய நிரந்தரப் பதில். வில்லியம் ஜேம்ஸ் சைடிஸ் 1909இல் பதினொரு வயதில் ஹார்வர்டுக்குப் போனார், பத்திரிகைகள் துரத்தின, பிற்கால வாழ்க்கையை யாருடைய கண்ணிலும் படாமல் கழிக்கப் பார்த்தார். எங்கள் பதிலுக்கு எல்லாரும் எடுத்துக் காட்டும் பெயர் அது. ரூத் லோரன்ஸ் 1983இல் பன்னிரண்டு வயதில் ஒக்ஸ்போர்டுக்குப் போனார். தகப்பன் எங்கேயும் கூடவே போனார். பதின்மூன்றில் பட்டம் பெற்ற அவர் பிறகு எருசலேமில் கணிதப் பேராசிரியரானார். இந்த இரண்டுக்கும் நடுவில் என் மனதுக்குப் பிடித்தது அடிலெய்டில் வளர்ந்த டெரன்ஸ் டாவோவின் கதை. ஏழெட்டு வயதில் ஆரம்ப வகுப்பிலிருந்துகொண்டே கணிதம் படிக்க உயர்நிலைப் பள்ளிக்குப் போனான். பிறகு கொஞ்சங் கொஞ்சமாகப் பல்கலைக்கழகக் கணித வகுப்புகள். முழுநேர மாணவனாகச் சேர்ந்தது பதினான்கு வயதில்தான். இன்னும் முந்திச் சேர்த்திருக்கலாம், பெற்றோர் அவசரப்படவில்லை. இடையில் 1986, 1987, 1988 மூன்று ஆண்டுகளும் சர்வதேசக் கணித ஒலிம்பியாட்டில் வெண்கலம், வெள்ளி, தங்கம். பல்கலைக்கழகத்தில் முழுநேரம் சேர்ந்துவிட்டால் அந்த ஒலிம்பியாட்டுக்குப் போக முடியாது என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும். இருபது வயதுக்குக் கீழே, பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கே அது. ஆகவே முந்திப் போவதாலும் ஒன்றை இழக்கலாம். 2006இல் டாவோவுக்கு ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடைத்தது. ஆனால் பதக்கம் கிடைக்காத பிள்ளைக்கும் அந்த வழி நல்ல வழிதான்.

அவுஸ்திரேலியாவிலேயே மிராக்கா குரோஸ் என்பவர் மிக உயர்ந்த நுண்ணறிவுள்ள அறுபது பிள்ளைகளைப் பல வருடம் தொடர்ந்து கவனித்தார். பல வகுப்புத் தாண்டி ஏற்றப்பட்டவர்கள் படிப்பிலும் சிநேகிதத்திலும் பொதுவாக நன்றாகவே இருந்தார்கள். வயதுக்காக அதே வகுப்பில் வைக்கப்பட்டவர்களில் பலர் தனித்துப் போனார்கள், நட்புப் பிடிக்கத் தடுமாறினார்கள். மண்டை குழம்புவது எந்தப் பக்கத்தில் என்று இதைப் படித்தபின் திடமாகச் சொல்ல எங்களால் முடியுமா? "தனிய இருக்கிறான், ஒருத்தரோடயும் சேரமாட்டான்" என்று நாங்கள் குறை சொன்ன பிள்ளைக்குச் சேருவதற்கு அந்த வகுப்பில் ஆள் இருக்கவில்லை என்பதாகவும் இருக்கலாம்.

எங்கள் பக்கத்தில் இராமானுஜன் இருக்கிறார். அவரைப் பற்றி மேடையில் பேசாத கணித ஆசிரியர் இல்லை. 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரிக்குப் புலமைப்பரிசிலோடு போனபோது அவருக்குப் பதினாறு வயது. அந்தக் காலத்துக்குச் சரியான வயது. கணிதத்தைத் தவிர்ந்த பாடங்களில் தவறியதால் பரிசில் போயிற்று. பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரியிலும் எஃப்.ஏ. சோதனையைக் கடக்க முடியவில்லை. 1913இல் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் எழுதும்வரை அவருடைய நோட்டுப் புத்தகத்தை முழுதாக விளங்கிக்கொள்ளக்கூடிய ஆள் கிடைப்பது அரிதாக இருந்தது. அவர் முந்திப் போகவுமில்லை, பிந்திப் போகவுமில்லை. போன இடத்தில் அவரை வாசிக்க ஆளில்லை. பிள்ளையை எப்போது அனுப்புவது என்று வயதை வைத்து வாதாடிக்கொண்டிருக்கும்போது, அங்கே யார் இருக்கிறார் என்பதைப் பார்க்க மறந்துவிடுகிறோம். பதினைந்து வயதில் சேர்த்தாலும், முன்னால் நிற்பவர் பழைய நோட்ஸைச் சொல்லி எழுதுவித்தால் அந்தப் பிள்ளைக்கு அது இன்னொரு ரியூசன்தான்.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதை இவ்வளவு நேரமும் தள்ளி வந்திருக்கிறேன். அமெரிக்க மிஷன் 1824இல் உடுவிலில் பெண்களுக்கு விடுதிப் பள்ளி தொடங்கியது. ஹரியட் வின்ஸ்லோ அம்மையார் நடத்திய அந்தப் பள்ளியில் படித்து முடிக்கும் பெண்ணுக்கு மிஷன் சீதனமும் கொடுத்தது. இல்லாவிட்டால் நாங்கள் அனுப்பமாட்டோம் என்று அவர்களுக்குத் தெரியும். இருநூறு வருடமாகிவிட்டது. இன்றைக்கு எங்கள் பெண்பிள்ளைகள் உயர்தரத்தில் ஆண்பிள்ளைகளுக்குச் சளைக்காமல் படிக்கிறார்கள். ஆனாலும் மகளின் காலக் கணக்கை நாங்கள் இன்னும் கலியாணத்திலிருந்து பின்னோக்கித்தான் போடுகிறோம். மகனைப் பற்றி "என்ன அவசரம்" என்போம். மகளைப் பற்றி "கெதியாய் முடிக்கட்டும்" என்போம். எதற்காகக் கெதி என்று அவளுக்கும் தெரியும். கணிதத்திலோ பௌதிகத்திலோ முந்தி ஓடும் பெண்பிள்ளை ஒன்று பேராதனைக்கோ கொழும்புக்கோ போக விரும்பினால், பக்கத்தில் என்ன பாடம் கிடைக்கும் என்று தேடுகிறோம். அந்தப் பிள்ளையிடம் உனக்கு எது பிடிக்கும் என்று கேட்பதை எங்கள் வீடுகளில் செல்லம் கொடுத்தல் என்று சொல்லுவார்கள்.

இதற்கிடையில் காசுள்ளவர்கள் வேறு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். சர்வதேசப் பள்ளிக்கூடம், இலண்டன் ஏ.எல். அந்தச் சோதனை வருடத்தில் ஒருமுறைக்கு மேல் வரும். பிள்ளை தயாராகும்போது இருக்கலாம், பாடம் பாடமாக எழுதலாம். பதினேழு வயதில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விமானம் ஏறும் பிள்ளைகளை நாங்கள் வழியனுப்புகிறோம். அவர்களில் எல்லாரும் அதிசயப் பிள்ளைகள் இல்லை. எல்லாரும் கட்டணம் கட்டக்கூடிய பிள்ளைகள். ஊர்காவற்றுறையிலும் மருதங்கேணியிலும் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் இருக்கும் வேகமான பிள்ளைதான் வயது வரும்வரை காத்திருக்கிறது. 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா இலவசக் கல்வி கொண்டுவந்தது இந்த வித்தியாசத்தைப் போக்கத்தான். அதைப் பின்கதவால் திருப்பிக் கொண்டுவந்தபோதும் நாங்கள் பேசாமல் இருந்தோம். சிலர் அந்தக் கதவாலேயே போனோம்.

பதினான்கு வயதுப் பிள்ளைகளை எல்லாம் கம்பஸுக்கு அனுப்புங்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. பெரும்பாலான கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு அது தேவையுமில்லை. தேவைப்படுவது முழுதாகத் தூக்கி வைப்பதற்கு முன்னமுள்ள சின்னப் படிகள். அமெரிக்காவில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் ஜூலியன் ஸ்ரான்லி 1971இல் தொடங்கிய காரியம் எளிமையானது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்குப் பதினேழு வயதுக்காரர்களின் பல்கலைக்கழக நுழைவுச் சோதனையைக் கொடுத்துப் பார்த்தார். வயதுக்குரிய சோதனையில் நூறு எடுக்கும் பிள்ளைகளுக்குள்ளே யார் எவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்பது அதில்தான் தெரிந்தது. அந்த வசதி எங்களிடம் குவிந்து கிடக்கிறது. கடந்தகால வினாத்தாள் விற்காத புத்தகக் கடை யாழ்ப்பாணத்தில் உண்டா? எட்டாந் தரப் பிள்ளைக்குச் சாதாரணதரக் கணிதத் தாள் ஒன்றைக் கொடுத்து, நேரம் குறித்து, திருத்திப் பார்க்கலாம். ராங்க் போடாமல், பத்திரிகைக்கு அனுப்பாமல், பக்கத்து வீட்டுக்குச் சொல்லாமல். கடைசி நிபந்தனைதான் எங்களுக்குக் கஷ்டமானது.

அந்தத் தாளில் எண்பதுக்கு மேல் எடுக்கும் பிள்ளை ஒன்பதாந் தரத்தில் எல்லாரோடும் இருக்கட்டும். விளையாட்டு, சங்கீதம், சமயம், தமிழ் எல்லாம் தன் வயதுக்காரரோடு. கணிதப் பாடவேளைக்கு மட்டும் மேல் வகுப்புக்குப் போகட்டும். அதுவும் முடிந்தால் உயர்தர இணைந்த கணித வகுப்பின் பின்வாங்கில் இருக்கட்டும். சோதனைத் திகதி, பதிவு, வெட்டுப்புள்ளி எல்லாம் எந்தத் திகதியில் வர வேண்டுமோ அந்தத் திகதியில் வரட்டும். அதுவரைக்குமான வருடங்களில் அந்தப் பிள்ளை படித்துக்கொண்டிருக்கும். பதினெட்டு வயதில் உயர்தரம் எழுதும்போது கம்பஸ் முதலாம் வருடத்தின் பாதி அதற்குத் தெரிந்திருந்தால், அப்போது எங்கே போவது, யாரிடம் போவது என்று அந்தப் பிள்ளையே சொல்லும்.

இதற்கு ஆங்காங்கே எதிர்ப்பு வரும். மற்றப் பெற்றோர் "அந்தப் பிள்ளைக்கு மட்டும் என்ன" என்பார்கள். நியாயமான கேள்வி, அவர்களுடைய பிள்ளைக்கும் அதே தாளைக் கொடுத்துப் பார்க்கலாம். ஆசிரியர் பாடநேரம் இடிக்கிறது என்பார்; அது உண்மையிலேயே இடிக்கும். ஒன்பதாந் தரத்தின் கணிதமும் உயர்தர இணைந்த கணிதமும் கிழமையில் இரண்டு நாளாவது ஒரே பாடவேளையில் விழ வேண்டும். அதை நேரசூசி போடும் ஆசிரியர்தான் செய்ய வேண்டும்; தவணை தொடங்கியபின் மாற்றச் சொன்னால் அவர் மாட்டேன் என்பார், அவரிலும் பிழையில்லை. ஆகவே இதைக் கேட்கப் போகிறவர்கள் புதிய வகுப்புக்கு நேரசூசி போடுவதற்கு முன்பே அதிபரிடம் போய்க் கேட்க வேண்டும். தனித் தாயாகப் போனால் சுற்றுநிருபத்தைக் காட்டித் திருப்பிவிடுவார்கள். பத்துப் பேர் சேர்ந்து போகலாம். பிள்ளை இல்லாதவர்களும் போகலாம்.